வயிற்றைத் திறக்காமல் இரைப்பைப் புற்றை உரித்தெடுப்பது எப்படி?

வாய் வழியாக ஒரு குழாயை விட்டு, வயிற்றில் ஒரு கீறல்கூடப் போடாமல், இரைப்பையில் வந்த புற்றுநோயை உரித்து எடுத்துவிட முடியும். எல்லோருக்கும் முடியாது; சீக்கிரம் கண்ணில் பட்டவர்களுக்கு முடியும். நான் வேலூரில் ஒரு பத்தாலஜி லேபில், அதாவது உடம்பிலிருந்து எடுத்த திசுக்களைச் சோதிக்கும் இடத்தில், வேலை பார்க்கிறேன். அப்படி உரித்தெடுத்த துண்டு ஃபார்மலின் டப்பாவில் வந்து சேருவது எங்கள் மேசைக்குத்தான். ரிப்போர்ட்டுக்காக ஜன்னலோரம் நிற்கும் உறவுக்காரர்கள் பெரும்பாலும் மெஷினைப் பற்றித்தான் கேட்பார்கள். "இன்னா சார், லேசர்லயா எடுக்கறாங்கோ?" லேசர் கிடையாது. மின்சாரத்தில் வெட்டும் ஒரு சின்னக் கம்பி, கொஞ்சம் நீலத் திரவம், அவசரப்படாத ஒரு கை, அவ்வளவுதான். கேட்க வேண்டிய கேள்வி வேறு: நோய் எத்தனை ஆழம் இறங்கியிருக்கிறது? இந்தச் சிகிச்சை யாருக்குப் பொருந்தும், எந்தக் கருவி வேண்டும், எடுத்த பிறகு நோய் தீர்ந்ததா என்பதெல்லாம் கடைசியில் அந்தக் கேள்வியில் போய்த்தான் நிற்கும்.

சுவரும் அதன் அடுக்குகளும்

இரைப்பைச் சுவர் மொத்தமே சில மில்லிமீட்டர் கனம்தான். அதற்குள் பல அடுக்குகள். உள்ளே, சோறு படுகிற பக்கம் இருப்பது சளிச்சவ்வு. அமிலமும் சளியும் சுரப்பது இங்கே. இரைப்பைப் புற்றும் பெரும்பாலும் இங்கேதான் தொடங்கும். அதற்குக் கீழே மெல்லிய ஒரு தசைத்தாள், அதற்கும் கீழே தளர்வான ஓர் அடுக்கு. டாக்டர்கள் சப்மியூகோசா என்பார்கள். நான் அடிச்சவ்வு என்றே எழுதுகிறேன். சற்றுப் பெரிய ரத்தக்குழாய்களும் நிணநீர்க் குழாய்களும் ஓடுவது இந்த அடிச்சவ்வில். அதன் கீழே இரைப்பையைப் பிசைந்து அசைக்கும் தடித்த தசை. எல்லாவற்றுக்கும் வெளியே ஓர் உறை.

புற்று சளிச்சவ்வோடோ, மிஞ்சிப்போனால் அடிச்சவ்வோடோ நின்றிருந்தால் அதை ஆரம்பநிலை இரைப்பைப் புற்று என்கிறோம். 1962இல் ஜப்பானியர்கள் வகுத்த வரையறை இது. உலகம் இன்றும் இதைத்தான் பின்பற்றுகிறது. இந்த நிலையில் பிடித்துச் சிகிச்சை செய்துவிட்டால் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் ஐந்து ஆண்டுகள் தாண்டி நன்றாக இருக்கிறார்கள். தசையைத் தாண்டிவிட்டால் கணக்கே மாறிப்போகும்.

ஆனால் ஆரம்பநிலை என்று பெயர் வந்ததாலேயே எண்டோஸ்கோபியில் எடுத்துவிட முடியாது. காரணம் நிணநீர், அதாவது திசுக்களிலிருந்து வடிந்து தனிக் குழாய்களில் ஓடும் திரவம்; அதன் வழியாகப் புற்று நிணநீர் முடிச்சுகளுக்குப் பரவலாம். சளிச்சவ்வுக்குள் நிற்கும் புற்று, நிணநீர் முடிச்சுகளுக்குப் பரவியிருக்கும் வாய்ப்பு நூற்றுக்கு இரண்டு மூன்றுதான். அடிச்சவ்வுக்குள் இறங்கிவிட்டால் அது இருபதை நெருங்கும். எண்டோஸ்கோபியால் சுவரில் இருப்பதைத்தான் எடுக்க முடியும். சுவருக்கு வெளியே கொழுப்புக்குள் கிடக்கும் முடிச்சுகளைத் தொட முடியாது. ஆகவே முடிச்சுக்குப் பரவியிருக்க வாய்ப்பே இல்லை என்று சொல்லத்தக்க நோயாளிக்குத்தான் இந்தச் சிகிச்சை.

அந்த நோயாளி யார் என்று எப்படித் தெரிந்தது? வயிற்றைத் திறந்து ஆபரேஷன் செய்துகொண்ட நோயாளிகள் சொல்லித்தான். டோக்கியோவின் இரண்டு பெரிய புற்றுநோய் மருத்துவமனைகளில் ஆரம்பநிலைப் புற்றுக்காக இரைப்பையையும் நிணநீர் முடிச்சுகளையும் எடுத்துக்கொண்ட 5,265 பேரின் ஆய்வு முடிவுகளை கோடோடாவும் அவர் குழுவினரும் ஒன்றுவிடாமல் அலசி 2000ஆம் ஆண்டில் வெளியிட்டார்கள். செல்கள் இன்னும் ஒழுங்கான சுரப்பி வடிவத்தில் இருக்கும் வகை, சளிச்சவ்வைத் தாண்டாதது, 3 சென்டிமீட்டருக்குள் அடங்குவது என்று பார்த்தபோது அப்படி 1,230 பேர் இருந்தார்கள். அவர்களில் ஒருவருக்குக்கூட முடிச்சில் புற்று இல்லை. அத்தனை பேருக்கும் இரைப்பையைப் பெரிதாக அறுத்தது தேவைதானா என்ற கேள்வி அதிலிருந்து எழுந்தது. இன்றைய விதிகளின் அடித்தளம் அந்தக் கணக்குதான்.

விதி சுருக்கமாக இதுதான். ஒழுங்கான சுரப்பி வகை, சளிச்சவ்வுக்குள், புண் இல்லாதது என்றால் எத்தனை அகலமானாலும் எடுக்கலாம். புண் இருந்தால் 3 சென்டிமீட்டருக்குள் இருக்க வேண்டும். செல்கள் கலைந்து சிதறிப் பரவும் வகை என்றால் 2 சென்டிமீட்டருக்குள், புண் இல்லாமல் இருந்தால் மட்டும். இந்தக் கலைந்த வகையில் புற்றின் விளிம்பு மேற்பரப்புக்குக் கீழே ஒளிந்து நகரும். கண்ணுக்குத் தெரிகிற எல்லையை நம்ப முடியாது. அதனால்தான் அதற்கு இத்தனை கெடுபிடி.

முதலில் கண்ணில் பட வேண்டுமே

நம் ஊரில் சிக்கல் இங்கேதான். ஆரம்பநிலைப் புற்று வலிக்காது. மிஞ்சிப்போனால் கொஞ்சம் வயிறு உப்புசம், ஏப்பம், சீக்கிரம் வயிறு நிறைந்த மாதிரி ஓர் உணர்வு. அதை நாம் 'கேஸ் டிரபிள்' என்று சொல்லி மெடிக்கல் ஷாப்பில் ஒரு பட்டை மாத்திரை வாங்கிப் போட்டுக்கொள்கிறோம். ஆற்காட்டிலிருந்து திருப்பத்தூர் வரை எந்தத் தெருமுனைக் கடையிலும் சீட்டு இல்லாமல் கிடைக்கிற பேண்டோப்ரசோலும் ஒமிப்ரசோலும் நல்ல மருந்துகள்தான். ஆனால் அமிலத்தைக் குறைக்கும்போது அவை தொல்லையையும் மறைக்கும். சில சமயம் புற்றின் மேலிருக்கும் புண்ணே தற்காலிகமாக ஆறிவிடும். அப்போது எண்டோஸ்கோபி செய்தால்கூட ஏமாற்றிவிடும். 'மாத்திரை போட்டா சரியாப் போவுது' என்பதை நல்ல செய்தியாக எடுத்துக்கொள்ள முடியாது.

தார் மாதிரி கறுப்பு மலம், காரணமில்லாமல் எடை இறங்குவது, ரத்தசோகை, தொடர் வாந்தி, விழுங்குவதில் சிரமம், வீட்டில் அம்மா அப்பாவுக்கோ அண்ணன் தம்பிக்கோ இரைப்பைப் புற்று வந்த வரலாறு இவற்றில் ஒன்று இருந்தாலும் மாத்திரையோடு நிறுத்தாமல் எண்டோஸ்கோபி செய்துகொள்ள வேண்டும். நடுவயதுக்கு மேல் புதிதாகத் தொடங்கிய அஜீரணமும் இந்தக் கணக்கில் சேரும். எண்டோஸ்கோபி சில நிமிட வேலை. தொண்டையில் மரத்துப்போகும் மருந்தை அடித்துவிட்டுச் செய்கிறார்கள்.

ஜப்பானிலும் தென்கொரியாவிலும் எந்தத் தொந்தரவும் இல்லாதவர்களையே கூப்பிட்டு இரைப்பையைப் பரிசோதிக்கிறார்கள். அங்கே பிடிபடுவதில் பாதிக்கு மேல் ஆரம்பநிலையாக இருப்பது அதனால்தான். நம் நாட்டின் அரசுப் பரிசோதனைத் திட்டம் வாய், மார்பகம், கர்ப்பப்பை வாய்ப் புற்றுகளுக்கானது. இரைப்பைக்கு அப்படி எதுவும் இல்லை. ஆனால் நோய் இல்லாமல் இல்லை. இந்தியாவில் இரைப்பைப் புற்று அதிகமாகப் பதிவாவது மிசோரம் உள்ளிட்ட வடகிழக்கிலும், அடுத்தபடியாகத் தென்னிந்தியாவிலும். சென்னைப் பதிவேட்டில் ஆண்களின் புற்றுகளில் நீண்ட காலம் முதலிடத்தில் இருந்தது இதுதான். வெளிமாநிலங்களிலிருந்து சிகிச்சைக்கு வந்து, வேலூர் காந்தி ரோட்டில் வங்காளமும் மிசோவும் பேசிக்கொண்டு கையில் எக்ஸ்ரே கவரோடு நடப்பவர்களைப் பார்த்துப் பழகிய நமக்கு, 'அது அவுங்க ஊரு வியாதி' என்று ஒரு நினைப்பு உண்டு. தவறான நினைப்பு. பிரியாணியைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வராது (ஆம்பூர்க்காரர்கள் நிம்மதியாக இருக்கலாம்). ஆனால் உப்பு ஊறிய கருவாடு தினப்படி, கூடவே பீடி சிகரெட், அதோடு இரைப்பையில் ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற கிருமி, இந்த மூன்றும் சேர்ந்தால் நல்லதல்ல.

தேடுபவரின் கண்ணும் தேர்ந்திருக்க வேண்டும். ஆரம்பப் புற்று கட்டியாகத் துருத்திக்கொண்டு நிற்பது அபூர்வம். பெரும்பாலும் லேசாக அமுங்கிய ஒரு திட்டு, அதுவும் சுற்றியிருப்பதைவிடக் கொஞ்சம் கூடுதல் சிவப்பு, அவ்வளவுதான் தெரியும். இண்டிகோ கார்மைன் என்ற நீலச் சாயத்தைத் தெளித்தால் பள்ளங்களில் சாயம் தேங்கி விளிம்பு தெளியும். குறுகிய அலைவரிசை நீல, பச்சை ஒளியில் உருப்பெருக்கிப் பார்க்கும் எண்டோஸ்கோப்களில் நுண்ணிய ரத்தக்குழாய்களின் கோலமே மாறியிருப்பது தெரியும். அந்த விளிம்புக் கோடு சரியாகத் தெரிந்தால்தான் அடுத்த வேலை.

கத்திக்கு முன்னால் திரவம்

எண்டோஸ்கோப் என்பது சுண்டுவிரல் கனமுள்ள கறுப்புக் குழாய். நுனியில் கேமராவும் விளக்கும். உள்ளே மூன்று மில்லிமீட்டர் அகலத்தில் ஒரு கால்வாய். ஊசி, கத்தி, கிளிப் எல்லாம் அந்தக் கால்வாய் வழியாகத்தான் போய் வர வேண்டும். ஒரு மில்லிமீட்டர் பிசகினால் சுவரில் ஓட்டை விழும் இடத்தில், ஒரு மீட்டர் தள்ளி நின்றுகொண்டு, மூச்சோடு அசையும் ஒரு பையின் உட்சுவரை வெட்ட வேண்டும்.

இதைச் சாத்தியமாக்குவது கத்தி என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். என் கணக்கில் முதல் மரியாதை ஊசிக்கும் திரவத்துக்கும்தான். புற்றைச் சுற்றி ஊசி குத்தி அடிச்சவ்வுக்குள் திரவத்தைச் செலுத்தினால் தளர்வான அந்த அடுக்கு ஊதிக்கொள்ளும். மேலே சளிச்சவ்வு கொப்புளமாக எழும்பும். கீழே தசை பத்திரமாக விலகிப் படுத்துக்கொள்ளும். வெட்டுவதற்கு இடம் அங்கே பிறக்கிறது. திரவத்தில் கலந்த நீலச் சாயத்தால் அடிச்சவ்வு முழுக்க நீலமாகிவிடும். நீலம் தெரியும்வரை வெட்டலாம், வெள்ளையாகத் தசை தெரிந்தால் நிறுத்த வேண்டும். ரத்தக்கசிவைக் குறைக்க ஒரு துளி அட்ரீனலினும் சேர்ப்பதுண்டு. வெறும் சலைன் சில நிமிடத்தில் வடிந்துவிடும். நீண்ட வேலைக்குக் கிளிசரால் கலவையோ ஹயாலுரோனிக் அமிலமோ நெடுநேரம் தாங்கும். திரவம் செலுத்தியும் ஓரிடம் எழும்பாமல் ஒட்டிக்கொண்டிருந்தால் டாக்டர் யோசிப்பார்: பழைய புண்ணின் தழும்பாக இருக்கலாம், அல்லது நோய் நினைத்ததைவிட ஆழமாக வேர் விட்டிருக்கலாம்.

பழைய முறை இதோடு ஒரு கம்பிச் சுருக்கைச் சேர்த்தது. எழும்பிய கொப்புளத்தைச் சுருக்குக் கம்பியால் இறுக்கி, மின்சாரம் பாய்ச்சி, ஒரே வீச்சில் அறுத்துவிடுவார்கள். 1984இல் ஜப்பானில் வெளிவந்த முறை. இஎம்ஆர் (எண்டோஸ்கோபிக் மியூகோசல் ரிசெக்சன்) என்று பெயர். பிறகு எண்டோஸ்கோப் நுனியில் ஒளி ஊடுருவும் ஒரு தொப்பியை மாட்டி, திட்டை உறிஞ்சி உள்ளே இழுத்துச் சுருக்குப் போடும் வகைகளும் வந்தன. வேகமானது, ஆபத்துக் குறைவு. ஆனால் சுருக்குக்குள் அடங்குவது 2 சென்டிமீட்டர் வரைதான். அதைவிடப் பெரிதென்றால் துண்டு துண்டாக எடுக்க வேண்டும். துண்டு துண்டாக வந்தால் எங்கள் பாடு திண்டாட்டம்: எது ஓரம், எது நடு, ஓரத்தில் புற்று மிச்சம் இருந்ததா என்று சொல்லவே முடியாது. துண்டாக எடுத்த இடத்தில் நோய் மறுபடி தலைகாட்டுவதும் அதிகம்.

இந்தக் குறையைத் தீர்க்க வந்ததுதான் இஎஸ்டி (எண்டோஸ்கோபிக் சப்மியூகோசல் டிசெக்சன்). சுருக்குப் போடாமல், சுற்றி வெட்டி, அடியில் உரித்து, எத்தனை பெரிதானாலும் ஒரே துண்டாக எடுப்பது. ராணிப்பேட்டை, வாணியம்பாடி, ஆம்பூர் தோல் ஷாப்புகளில் வேலை பார்த்தவர்களுக்கு இதை விளக்க ரொம்பச் சிரமப்பட வேண்டாம். கனமான மாட்டுத்தோலை ஸ்பிளிட்டிங் மெஷினில் விட்டால் மேல்தோல் ஒரு தகடாகவும் அடித்தோல் இன்னொரு தகடாகவும் பிரியும். கத்தி தோலுக்குக் குறுக்கே இறங்காது, தோலோடு படுத்தபடி போகும். இஎஸ்டி கத்தியும் அப்படித்தான், இரைப்பைச் சுவருக்கு இணையாக, அடிச்சவ்வுக்குள் படுத்தபடி போக வேண்டும். வித்தியாசம், தோல் செத்தது; இங்கே ரத்தம் ஓடிக்கொண்டிருக்கிறது.

வேலை நடக்கும் வரிசையைச் சொல்கிறேன். நோயாளி மயக்கத்தில் இடப்பக்கம் படுத்திருப்பார். புற்றின் விளிம்பிலிருந்து அரை சென்டிமீட்டர் தள்ளிச் சுற்றிவரச் சூடு வைத்துப் புள்ளி புள்ளியாக அடையாளம் போடுவார்கள். திரவம் ஏற்றியதும் சிவந்த திட்டின் உருவமே மாறிவிடும். அப்போது இந்தப் புள்ளிகள்தான் வழிகாட்டி. பிறகு ஊசி, திரவம். புள்ளிகளுக்கு வெளியே சளிச்சவ்வைச் சுற்றி வெட்டுவார்கள். மறுபடி ஊசி, மறுபடி திரவம். தொப்பியை வெட்டுக்குள் நுழைத்து, மேல் மடலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, நீல அடுக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக அறுத்துக்கொண்டே போவார்கள். வழியில் ரத்தக்குழாய் தட்டுப்பட்டால் அறுப்பதற்கு முன்பே சூட்டிடுக்கியால் பிடித்துச் சுட்டுவிடுவார்கள். ஒரு மணி நேரம், இரண்டு மணி நேரம், கஷ்டமான இடமென்றால் அதற்கு மேலும் ஆகும். இரைப்பையை விரித்துவைக்கச் சாதாரணக் காற்றுக்குப் பதில் கார்பன் டை ஆக்சைடு. உடம்பு அதைச் சீக்கிரம் உறிஞ்சிக்கொள்வதால் எழுந்த பிறகு வயிறு உப்பி வலிக்காது.

கத்திகள்

எல்லாக் கத்தியும் அடிப்படையில் ஒரு கம்பிதான். இரும்பின் கூர்மை வெட்டுவதில்லை, உயர் அதிர்வெண் மின்சாரம் வெட்டுகிறது. நொடிக்கு லட்சக்கணக்கான முறை திசை மாறும் மின்சாரம் அது. நரம்புக்கும் இதயத்துக்கும் ஷாக்காகத் தெரியாது, கம்பி நுனியில் மட்டும் செல்லிலுள்ள நீரைக் கொதிக்கவைத்துப் பிளக்கும். மின்னழுத்தத்தைக் குறைத்தால் பிளக்காது, சுருக்கி ரத்தத்தை அடைக்கும். நோயாளியின் தொடையில் ஒட்டும் தகடு, மின்சாரம் திரும்பிப் போகும் வழி. வெட்டு, அடைப்பு இரண்டையும் எந்த விகிதத்தில் கலப்பது என்பதை மின்கருவியில் அமைப்பார்கள். காலில் மிதிக்கும் இரண்டு பெடல்களில்தான் பாதி வித்தை.

முதலில் இருந்தது மொட்டைக் கம்பி, ஊசிக்கத்தி. எந்தப் பக்கமும் வெட்டும், நேரே கீழேயும் வெட்டும். அதுதான் பயம். டோக்கியோ தேசியப் புற்றுநோய் மையத்தில் ஹோசோகாவாவும் சகாக்களும் 1990களில் அந்த ஊசியின் நுனியில் ஒரு சின்னப் பீங்கான் குண்டை மாட்டினார்கள். பீங்கானில் மின்சாரம் பாயாது. ஆகவே நுனி தசையைத் தொட்டாலும் துளைக்காது, பக்கவாட்டுக் கம்பி மட்டும் வெட்டும். ஐடி கத்தி என்று பெயர். இஎஸ்டியைப் பெரிதாகப் பரவச்செய்தது இந்தக் குண்டுதான் என்று சொன்னால் மிகையில்லை. அதற்கும் குறை உண்டு. முதல் துளையை வேறு கத்தியால் போட்டுத்தான் இதை உள்ளே நுழைக்க வேண்டும். குறுக்குவாட்டில் சரியாக வெட்டாது. அடுத்து வந்த ஐடி2 கத்தியில் குண்டின் அடிப்பக்கம் மூன்று சின்ன மின்முனைகளை வைத்து அதைச் சரிசெய்தார்கள்.

ஓயாமா வடிவமைத்த கொக்கிக் கத்தியின் நுனி ட வடிவில் வளைந்திருக்கும். நாரைக் கொக்கியில் மாட்டி, தசையிலிருந்து விலக்கி இழுத்து, பிறகு வெட்டலாம். தழும்பு கட்டி இறுகிய இடங்களில் இதுதான் கைகொடுக்கும். டூயல் கத்தியில் கம்பி 2 மில்லிமீட்டர்தான் வெளியே வரும். உள்ளே இழுத்துக்கொண்டால் அதே கருவியால் அடையாளப் புள்ளி வைக்கலாம். சில கத்திகளின் நுனியிலிருந்து தண்ணீர் பீய்ச்சும். ரத்தத்தைக் கழுவலாம், கத்தியை மாற்றாமலே திரவமும் ஏற்றலாம். கத்தரிக்கோல் வடிவக் கருவிகளில் முதலில் பிடித்துப் பார்த்து, சரிதான் என்று தெரிந்த பிறகு வெட்டலாம், பழகுபவர்களுக்குப் பாதுகாப்பு.

எந்தக் கத்தி சிறந்தது என்று கேட்பவர்களுக்கு: அந்த டாக்டரின் கைக்குப் பழகிய கத்தி. கருவியின் பெயரைக் கேட்டு மருத்துவமனையைத் தேர்ந்தெடுக்க வேண்டாம். 'இரைப்பையில் இந்தச் சிகிச்சை எத்தனை பேருக்குச் செய்திருக்கிறீர்கள், ஓட்டை விழுந்தால் உடனே பார்க்க சர்ஜன் இருக்கிறாரா' என்று கேளுங்கள். நல்ல டாக்டர் இந்தக் கேள்விக்குக் கோபித்துக்கொள்ள மாட்டார். பன்றி இரைப்பையில் பழகி, மூத்தவர் பக்கத்தில் நிற்க முப்பது பேருக்காவது செய்தால்தான் கை வரும் என்பது இந்தத் துறையில் பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு.

டப்பா எங்கள் மேசைக்கு வந்த பிறகு

எடுத்த துண்டைச் சும்மா ஃபார்மலினில் போட்டால் அரை மணியில் சுருண்டுவிடும். எடுத்த உடனே ஒரு கார்க் பலகையிலோ ரப்பர் பலகையிலோ சளிப்பக்கம் மேலாக வைத்து, சுற்றிவரத் துருப்பிடிக்காத குண்டூசி குத்தி, இயல்பான அளவுக்கு விரித்து, உணவுக்குழாய்ப் பக்கம் எது, குடல் பக்கம் எது என்று எழுதி அனுப்ப வேண்டும். அப்படி வந்த துண்டைப் பார்த்தாலே எங்களுக்குப் பாதி வேலை முடிந்தது போல இருக்கும். அப்பளம் மாதிரி சுருண்டு டப்பாவின் அடியில் கிடந்த துண்டுகளும் வந்ததுண்டு. அப்போது ஓரம் எது என்று தேடியே நேரம் போகும், தேடினாலும் உறுதியாகச் சொல்ல முடியாது. இரண்டு மணி நேரம் வியர்வை சிந்தி எடுத்ததன் பலன் ஐந்து நிமிடக் குண்டூசி வேலையில் கெட்டுப்போகும்.

ஃபார்மலினில் ஒரு நாள் ஊறியதும் படம் எடுத்து, ஓரங்களில் மை தடவி, 2 மில்லிமீட்டர் இடைவெளியில் இணையான கீற்றுகளாக அறுப்போம். ஒரு கீற்றையும் விட மாட்டோம்; எல்லாவற்றையும் மெழுகில் பதித்து, முடியைவிட மெல்லியதாகச் சீவி, சாயமேற்றி, மைக்ராஸ்கோப்பில் டாக்டர் பார்ப்பார். ரிப்போர்ட் நாலைந்து நாள் தாமதமாவதற்கு இதுதான் காரணம். 'எடுத்தாச்சே, இன்னும் இன்னா பாக்கறீங்கோ' என்று சலித்துக்கொள்கிறவர்களுக்கு நான் சொல்வது: நோய் போனதா என்பது இனிமேல்தான் தெரியும்.

ரிப்போர்ட்டில் பார்க்க வேண்டியவை சில. செல் வகை. புற்றின் அகலம். புண் இருந்ததா. பக்கவாட்டு ஓரத்தில் புற்று மிச்சமா. அடி ஓரத்தில் மிச்சமா. ரத்த, நிணநீர்க் குழாய்களுக்குள் புற்றுச் செல் நுழைந்திருக்கிறதா. எல்லாவற்றுக்கும் மேலாக, ஆழம். அடிச்சவ்வுக்குள் இறங்கியிருந்தால் எத்தனை மைக்ரான் என்று அளந்து எழுதுவார்கள். 500 மைக்ரான், அதாவது அரை மில்லிமீட்டர்தான் கோடு. அடிச்சவ்வுக்குள் இறங்கியிருந்தாலும், ஒழுங்கான சுரப்பி வகை, 3 சென்டிமீட்டருக்குள், குழாய்களில் எதுவும் இல்லை, ஓரங்கள் சுத்தம், ஆழம் 500க்குக் குறைவு என்றால் குணமாகிவிட்டதாகவே எடுத்துக்கொள்ளலாம். அந்தக் கோட்டைத் தாண்டினாலோ, குழாய்க்குள் செல் தெரிந்தாலோ, ஆபரேஷன் செய்து முடிச்சுகளையும் எடுக்கச் சொல்வார்கள்.

இந்த இடத்தில் குடும்பங்கள் உடைந்துபோகின்றன. 'அப்ப எண்டோஸ்கோபில எடுத்தது வீணா?' என்று கேட்பார்கள். வீணில்லை. முழுத் துண்டும் கையில் கிடைத்ததால்தான் உண்மையான ஆழம் தெரிந்தது. வெளியிலிருந்து பார்த்து ஆழத்தைக் கணிப்பது நல்ல கண்ணுக்கும் சில சமயம் தவறும். அப்படி ஆபரேஷனுக்குப் போகிறவர்களில் பெரும்பாலோருக்கு முடிச்சில் ஒன்றும் இருப்பதில்லை. வயதானவர், இதயம் பலவீனமானவர் என்றால் ஆபரேஷனைத் தவிர்த்துக் கண்காணிக்கலாமா என்று டாக்டரோடு உட்கார்ந்து பேசலாம்.

ஆபத்துகளும் வீட்டுக்குப் போன பிறகும்

இரண்டு ஆபத்துகள் முக்கியம். ஒன்று, பிறகு ரத்தம் கசிவது; நூற்றுக்கு ஐந்து பேர் அளவில் நேரும். பெரும்பாலும் முதல் ஓரிரு நாளில், சிலருக்கு இரண்டு வாரம் வரையிலும். கறுப்பு மலமோ ரத்த வாந்தியோ வந்தால் நேரம் காலம் பார்க்காமல் அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும். இன்னொன்று, சுவரில் ஓட்டை. அதைவிட அரிது. உடனே கண்டுகொண்டால் பெரும்பாலும் எண்டோஸ்கோபி வழியாகவே உலோகக் கிளிப் போட்டு மூடிவிடுகிறார்கள். தூரத்து ஊர்க்காரர்கள் டிஸ்சார்ஜ் ஆனதும் காட்பாடியில் ரயிலேறிவிடாமல் சில நாள் பக்கத்தில் தங்கிப் போவது நல்லது.

ஸ்டென்ட் வைத்தவர்கள் எகோஸ்பிரின், க்ளோபிடோக்ரல் போன்ற ரத்தம் உறையாமைக்கான மாத்திரைகளைத் தாங்களாக நிறுத்தவும் கூடாது, சொல்லாமல் மறைக்கவும் கூடாது. எப்போது நிறுத்துவது, எப்போது தொடங்குவது என்பதை இதய டாக்டரும் வயிற்று டாக்டரும் பேசி முடிவு செய்வார்கள். செலவு, காப்பீடு பற்றி அந்தந்த மருத்துவமனையின் இன்சூரன்ஸ் கவுண்டரில் அட்மிஷனுக்கு முன்பே கேட்டுவிடுங்கள்.

உரித்த இடம் பெரிய புண்ணாகத்தான் இருக்கும். அமிலத்தைக் குறைக்கும் மாத்திரையோடு இரண்டு மாத அளவில் ஆறிவிடும். கடையில் சீட்டில்லாமல் வாங்கி விழுங்கிய அதே பேண்டோப்ரசோலுக்கு இங்கேதான் சரியான வேலை. முதல் சில நாள் கஞ்சி, பிறகு குழைந்த சோறு. காரம் கொஞ்ச நாள் ஓய்வெடுக்கட்டும்.

இரைப்பை முழுதாக இருக்கிறது என்பதே இந்தச் சிகிச்சையின் பெரிய லாபம். முன்போலவே சாப்பிடலாம், இரைப்பையை எடுத்தவர்களுக்கு வரும் எடைக்குறைவும் தலைசுற்றலும் இல்லை. அதுவே கவலையும்கூட. ஒரு புற்றை விளைவித்த அதே நிலம் அப்படியே இருக்கிறது, இன்னோர் இடத்தில் புதிதாக வரலாம். ஆகவே ஹெலிகோபாக்டர் பைலோரிக்குப் பரிசோதித்து, இருந்தால் ஒழிக்க வேண்டும். மார்ஷலும் வாரனும் இந்தக் கிருமியைக் கண்டதற்காக 2005இல் நோபல் பரிசு பெற்றார்கள். அதற்கு முன்பே, 1994இல், உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை இதைப் புற்றுநோய்க் காரணியாக அறிவித்துவிட்டது. எண்டோஸ்கோபியில் புற்றை எடுத்துக்கொண்ட 544 பேரை இரு பாதியாகப் பிரித்து ஜப்பானில் நடத்திய ஆய்வு 2008இல் வெளிவந்தது. மூன்று ஆண்டுகளில், கிருமியை ஒழிக்காத பாதியில் 24 பேருக்குப் புதிய புற்று. ஒழித்த பாதியில் 9 பேருக்கு. கிருமியை ஒழிக்க இப்போது பொதுவாகத் தருவது பதினான்கு நாள் ஆன்டிபயாட்டிக் தொகுப்பு. வாய் கசக்கும், வயிறு புரட்டும், பாதியில் விட்டால் கிருமி மருந்துக்கு அடங்காமல் போகும். முடித்து ஒரு மாதம் கழித்து மூச்சுப் பரிசோதனையோ மலப் பரிசோதனையோ செய்து கிருமி போனதை உறுதி செய்துகொள்ள வேண்டும்.

ஒன்பது பேருக்கு அப்போதும் வந்தது என்பதைக் கவனியுங்கள். கிருமி போனாலும் ஆண்டுக்கு ஒரு முறையாவது எண்டோஸ்கோபி, ஆயுசுக்கும். போகும்போது பழைய எண்டோஸ்கோபிப் படங்களையும் பத்தாலஜி ரிப்போர்ட்டையும் எடுத்துப் போங்கள். தழும்பு எங்கே இருக்கிறது என்று தெரிந்தால்தான் பார்ப்பவர் அதைச் சுற்றிக் கூர்ந்து பார்ப்பார். ரிப்போர்ட்டில் சந்தேகம் இருந்தால் இன்னொரு பத்தாலஜிஸ்டிடம் கருத்துக் கேட்கலாம். ஸ்லைடுகளும் மெழுகு பிளாக்குகளும் லேபிலேயே பத்திரமாக இருக்கும். நோயாளியின் ஆஸ்பத்திரி நம்பரையும் பயாப்சி நம்பரையும் எழுதி மனு கொடுத்துக் கேளுங்கள், தருவார்கள்.